கடைசிவரை கேட்ட வக்கீல்

அவர் முதல் தடவை எங்கள் கடைக்கு வந்த அன்று, ஒருத்தர் சாம்பார் சரியில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பெஹாலாவில், வங்காளிகளுக்கு நடுவே இட்லி, தோசைக் கடை நடத்துகிறவர்களுக்கு இது புதிதில்லை. இனிப்பு போதாது என்பார்கள், புளி தூக்கலாக இருக்கிறது என்பார்கள். நானும் வழக்கம்போல, "காலையிலேர்ந்து இவ்வளவு பேர் சாப்பிட்டாங்களே, யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்று வங்காளியில் பதிலுக்கு ஆரம்பித்தேன்.

பக்கத்து மேஜையிலிருந்து ஒரு குரல் தமிழில் வந்தது. "அவர் இன்னும் முடிக்கலைங்க."

திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி. குட்டையான உருவம், கஞ்சி போட்ட பருத்திப் புடவை, அதற்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற மாதிரி காலணி. மடித்த கறுப்புக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு மசால் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம்ம ஊர்க்காரம்மா என்கிற சந்தோஷத்தைவிட, நடுவில் பேசுகிறாரே என்கிற எரிச்சல்தான் எனக்கு முதலில் வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். அந்த ஆள் தொடர்ந்தார். சாம்பார் முடிந்து சட்னிக்குப் போனார், சட்னி முடிந்து தோசைக்கு வந்தார், கடைசியில், "எப்ப வந்தாலும் என்னை இந்த ஃபேனுக்குக் கீழேயே உட்கார வைக்கறீங்க, ஒரு வாய் வைக்கறதுக்குள்ள எல்லாம் ஆறிப் போயிடுது" என்று முடித்தார்.

ஃபேன்தான் விஷயம். மேஜையை நகர்த்திப் போட்டோம். அதற்குப் பிறகு அந்த ஆள் எங்கள் கடைக்கு வராத நாள் குறைவு.

போகும்போது அந்தம்மா என்னிடம் சொன்னார்: "சாம்பார் நல்லாவே இருக்கு. நீங்க ஒண்ணும் மாத்தாதீங்க."

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எங்கள் காலனியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. எல்லோருக்கும் அவர் உகில் தீதி, அதாவது வக்கீல் அக்கா. நான் ஒரு தடவை அவசரத்தில் 'திதி' என்று குறுக்கிக் கூப்பிட்டபோது, "நீட்டியே சொல்லுங்க. குறுக்கினா நம்ம ஊர்ல எள்ளும் தண்ணியும் எடுத்துட்டு வந்துடுவாங்க" என்றார். அதிலிருந்து நான் அக்கா என்றே கூப்பிட்டேன்.

அவர் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசும்போது நடுநடுவே வங்காளி வந்துவிடும். வங்காளி பேசும்போது கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். அலிப்பூர் கோர்ட்டில் இலவச சட்ட உதவி வக்கீல். வசதியில்லாதவர்களுக்காக அரசாங்கம் ஏற்படுத்தியிருக்கிற வக்கீல் என்று புரிந்துகொண்டால் போதும். அந்த வேலைக்கு எங்கள் காலனியில் என்ன மரியாதை இருந்தது என்பதைச் சொன்னால்தான் அவர் யார் என்பது விளங்கும்.

ஒரு தடவை எங்கள் காலனி கிளப் மைதானத்தில் சட்ட விழிப்புணர்வு முகாம் என்று போட்டார்கள். மேடை, பேனர், பூங்கொத்து, தாணாவிலிருந்து, அதாவது போலீஸ் ஸ்டேஷனிலிருந்து, ஒரு அதிகாரி, சட்ட உதவி ஆபீஸிலிருந்து இரண்டு பெரியவர்கள். வந்தவர்களுக்கு வடையும் கேசரியும் எங்கள் கடையிலிருந்து போயிற்று. அதனால் நானும் அங்கே நின்றிருந்தேன். ஒவ்வொருவராக எழுந்து சட்ட உதவியின் பெருமையைச் சொன்னார்கள். போலீஸ் உங்கள் நண்பன் என்று தாணா அதிகாரி சொன்னபோது பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

அப்போது நிதாய் காக்கு எழுந்தார். காக்கு என்றால் சித்தப்பா. வயதானவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் ரிட்டையரான பஸ் கண்டக்டர். நெரிசல் பஸ்ஸின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கேட்ட குரல் அது, மைக் தேவையில்லை.

"இலவச வக்கீல்னா என்ன தெரியுமா? வராத வக்கீல். என் தங்கச்சி மகன் உள்ளே இருக்கான். வக்கீல் குடுத்தீங்க. ஒரு தடவை வந்தார். அப்புறம் வேற ஒருத்தர் வந்தார். அவருக்கு இவன் பேரே தெரியலை."

மேடையிலிருந்த பெரியவர் ஒருவர், "தாதா, தனிப்பட்ட விஷயத்தை அப்புறம் பேசலாம்" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்லி மைக்கைத் தட்டினார். மேடையின் ஓரத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த வக்கீல் அக்கா எழுந்து போய் அந்த மைக்கை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். நேராகக் காக்குவின் கையில் கொடுத்தார். பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க. மிச்சத்தையும் சொல்லிடுங்க."

பிற்பாடு இந்தக் கண்ணாடி கழற்றுகிற காட்சியை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். யாராவது குறை சொல்ல ஆரம்பித்தால் போதும். போன் கவிழ்ந்து படுக்கும், பேனா மூடிக்குள் போகும், கண்ணாடி மடிக்கு இறங்கும். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "எங்க அம்மா திட்ட ஆரம்பிச்சா நடுவுல நிறுத்த முடியாது. ஆனா கடைசி வரைக்கும் கேட்டாத்தான் எதுக்குத் திட்டினாங்கன்னே தெரியும்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய தொழில் முழுக்க அதில் இருந்தது.

அன்றைக்கு நிதாய் காக்கு விடவில்லை. அவர் முடித்ததும் இன்னொருவர், அவருக்குப் பிறகு இன்னொருவர். போலீஸ் புகாரை எழுதிக்கொள்ளவில்லை, எழுதினால் நகல் தரவில்லை, பிடித்துக்கொண்டு போனால் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்வதில்லை. மேடையிலிருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். வடை ஆறிப்போனது.

எல்லோரும் ஓய்ந்த பிறகு அக்கா மைக்கை வாங்கினார். சமாதானம் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "இவங்க சொன்னதுல எது நிஜம், எது இல்லைன்னு எனக்கு இப்பத் தெரியாது. தெரியாம பதில் சொல்ல மாட்டேன். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் இதே கிளப்புல வந்து சொல்றேன்" என்றார். அவ்வளவுதான்.

யாரும் நம்பவில்லை. நிதாய் காக்கு கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டே, "பாரு, அந்த ஆளுங்க எல்லாம் ஒரே பஸ்ல ஏறினவங்க, ஸ்டாப் வந்தா இறங்கிப் போயிடுவாங்க" என்றார்.

சனிக்கிழமை அக்கா வந்தார். தனியாக வரவில்லை. காக்குவின் மருமகன் வழக்கில் வராமல் போன வக்கீலையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முப்பது வயதிருக்கும், வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். கேரம் போர்டை ஓரமாகச் சாய்த்துவிட்டு, பூஜைப் பந்தலின் மூங்கில்கள் அடுக்கியிருந்த கிளப்பின் சின்ன அறையில் அக்கா அவரையும் காக்குவையும் எதிரெதிரே உட்கார வைத்தார். காக்கு திட்டினார். திட்டித் தீர்த்துவிட்டுக் கடைசியில் குரல் இறங்கிச் சொன்னார்: "ஜாமீன் எடுக்க என்ன கொண்டு வரணும்னுகூட எங்ககிட்ட யாரும் சொல்லலை. நாங்க வெளியில நின்னுட்டே இருந்தோம்."

அந்த வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். "ஜாமீன் எப்பவோ கிடைச்சிடுச்சே. பிணை நிக்க யாரும் வரலைன்னுதான் உள்ளே இருக்கான். உங்களுக்கு இஷ்டமில்லைன்னு நினைச்சேன்."

காக்கு எழுந்து, பிணைக்கு நானே வர்றேன் என்று சட்டையை மாட்டிக்கொள்ளப் போனார். அந்த வாரத்திலேயே பையன் வீட்டுக்கு வந்துவிட்டான். துர்கா பூஜைக்குப் பந்தல் போட்டவர்களில் அவனும் ஒருத்தன்.

அதிலிருந்து சனிக்கிழமைச் சாயங்காலங்களில் அந்தக் கேரம் அறை அக்காவுடையதாயிற்று. ஆபீஸில் யாரும் அவரை அங்கே போடவில்லை. அவரே வந்தார். வெளியே அட்டையில் வங்காளியில் எழுதி மாட்டியிருந்தார்: சட்ட உதவி பற்றியும் போலீஸ் பற்றியும் குறை சொல்ல விரும்புகிறவர்கள் உள்ளே வரலாம். நிதாய் காக்கு தானாகவே வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அடுத்தது, அடுத்தது, உள்ளே நகருங்க" என்று ஆட்களை ஏற்றி இறக்கினார். மருமகன் வீட்டுக்கு வந்த பிறகும் காக்கு குறை சொல்வதை நிறுத்தவில்லை. யாரும் வராத வாரத்தில் அவரே உள்ளே போய் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கு அக்காவிடம் அன்பு இருந்தது. ஆனால் அவரோடு இருப்பது சௌகரியமானது என்று சொல்ல மாட்டேன். அழுகிறவர்களிடம் அழாதே என்று அவர் சொல்லிப் பார்த்ததில்லை. அழுது முடிக்கட்டும் என்று சும்மா இருப்பார். ஆறுதல் வார்த்தை அவர் வாயில் வராது. அக்கா கடைக்கு வந்தால் என் வீட்டுக்காரர் அடுப்படிக்குள் போய்விடுவார். "அந்தம்மா நம்மளப் பார்த்தா நாம மறைச்சு வச்சதெல்லாம் ஞாபகம் வருது" என்பார். இவருக்கு மறைக்க ஒன்றும் கிடையாது, அது வேறு விஷயம்.

அந்த அறைக்கு நானே ஒருநாள் குறை சொல்லப் போக வேண்டி வந்தது. மித்துவுக்காக.

மித்து எங்கள் கடையில் விடியற்காலையில் மாவாட்டித் தருகிறவள். காலனியின் கால்வாய்ப் பக்கத்துத் தகர வரிசையில் ஒற்றை அறையில் இருந்தாள். கணவன் இல்லை, அம்மாவும் அவளும்தான். எங்கள் வேலை முடிந்ததும் லேக் கார்டன்ஸில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போவாள். அங்கே ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை; மாஷிமா, அதாவது பெரியம்மா, என்று கூப்பிடுவாள். அந்த அம்மாளின் தங்கக் காப்பு ஒன்று காணாமல் போய்விட்டது. மகன் நேராகப் போலீஸுக்குப் போய்விட்டார்.

தாணாவிலிருந்து மித்துவுக்கு போன் வந்தது: வந்து உட்கார். போனாள். காலையிலிருந்து இருட்டும்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். யாராவது போகிறபோக்கில், "எங்கே வச்சிருக்கே, சொல்லிடு" என்பார்கள். இவள் எடுக்கவில்லை என்பாள். இருட்டியதும் போகச் சொல்வார்கள், மறுநாள் மறுபடி போன். கைதும் இல்லை, வழக்கும் இல்லை, ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. பெஞ்சு மட்டும்தான். லேக் கார்டன்ஸ் வேலை போயிற்று. காலனியில் அவளைப் பார்க்கிறவர்கள் பார்வையை வேறு பக்கம் திருப்பினார்கள்.

சனிக்கிழமை நான் அந்த அறைக்குள் போனபோது உட்காரக்கூட இல்லை.

"வாசல்ல அட்டை மாட்டியிருக்கீங்களேக்கா. இந்தச் சட்ட உதவி யாருக்கு? திருடினவனுக்கு வக்கீல் குடுப்பீங்க. திருடாதவ ஒருத்தி வாரக்கணக்கா பெஞ்சுல உட்கார்ந்திருக்கா, அவளுக்கு என்ன குடுப்பீங்க? கேஸே இல்லைன்னா வக்கீலும் இல்லை, அப்படித்தானே? போலீஸும் நீங்களும் ஒரே கவர்மென்ட் சம்பளம்."

கண்ணாடி மடிக்குப் போயிருந்தது. நான் பேசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சு வாங்க நிறுத்தியபோது, "மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. ஆனால் சொல்லக் கூச்சமாக இருந்தது. பிறகு சொன்னேன். "அவ அங்க பச்சைத் தண்ணிகூடக் குடிக்கறதில்லைக்கா. குடிச்சா பாத்ரூம் போகணும். பொம்பளைங்க போற மாதிரி அங்க இடம் இல்லை. நாள் முழுக்க வறண்டு கிடந்துட்டு வர்றா. நேத்து கடையில மயங்கி விழுந்துட்டா."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எழுந்து, "மித்து வீடு எங்கே?" என்றார்.

மித்து அவரைப் பார்த்ததும் பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். அக்கா தரையில் உட்கார்ந்து, அவளையும் உட்காரச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார். ஒரு பெண்ணிடம் போலீஸ் விசாரிக்க வேண்டுமென்றால் அவள் இருக்கிற வீட்டுக்குத்தான் வர வேண்டும், தாணாவுக்குக் கூப்பிடக்கூடாது. இது புதிய சட்டமில்லை, பழையதுதான்.

"அப்புறம் ஏன் கூப்பிடறாங்க?" என்றாள் மித்து.

"நீ போறே. அதனால கூப்பிடறாங்க."

"போகலைன்னா வண்டியில வருவாங்க தீதி. காலனியே பார்க்கும்."

"பார்க்கட்டும். நீ போறதைத்தான் தினமும் பார்க்கறாங்களே. அவங்க வர்றதையும் பார்க்கட்டும்."

மித்து என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

மறுநாள் மித்து தாணாவுக்குப் போகவில்லை. அவளுக்குப் பதிலாக அக்காவும் நானும் போனோம். அங்கே இந்த விவகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மேஜோ பாபு, தாணாவின் இரண்டாவது அதிகாரி. கனமான மனிதர். எங்களைப் பார்த்ததும், "மேடம், நீங்களும் அரசாங்கம்தான், நாங்களும் அரசாங்கம்தான். ஏன் எங்க வேலையில கையை வைக்கறீங்க?" என்றார்.

"கை வைக்கலை. அவ வீட்ல இருக்கா. எப்ப வேணா வந்து கேளுங்க, எல்லாத்துக்கும் பதில் சொல்லுவா. நான் பக்கத்துல இருப்பேன்."

மேஜோ பாபுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்களுக்குச் சட்டம் சொல்றீங்க. உங்க சட்ட உதவியோட லட்சணம் என்ன? ஒருத்தனைக் கைது பண்ணினா வக்கீலுக்குச் சொல்லணும்னு எங்களுக்கு உத்தரவு. போன் பண்ணினா உங்க ஆளு எடுக்கறதே இல்லை. ஞாயித்துக்கிழமைன்னா கேட்கவே வேண்டாம். அப்புறம் கோர்ட்ல வந்து எங்க மேல குத்தம் சொல்றீங்க."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மிச்சத்தையும் சொல்லுங்க."

மேஜோ பாபு கொஞ்சம் தடுமாறினார். சண்டைக்குத் தயாராக இருந்தவருக்கு இது எதிர்பாராத பேச்சு. பிறகு சொல்ல ஆரம்பித்தார். முதலில் சட்ட உதவியைப் பற்றி, பிறகு கோர்ட்டைப் பற்றி, அப்புறம் தன்னுடைய தாணாவைப் பற்றியே. டீ வரவழைத்தார். கடைசியில், "ஒரு பொம்பளையை விசாரிக்கப் போகணும்னா கூட லேடி கான்ஸ்டபிள் வேணும். பகல்ல இருக்கறதே ஒருத்தி. அவளையும் பந்தோபஸ்துக்குக் கூட்டிட்டுப் போயிடறாங்க. யாரையும் வீட்டுக்குப் போய்க் கேட்க முடியறதில்லை. அதான் எல்லாரையும் இங்கேயே வரச் சொல்றது. எங்களுக்கு மட்டும் ஆசையா?" என்றார்.

"லேடி கான்ஸ்டபிள் எப்ப இருப்பாங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"அப்ப செவ்வாய்க்கிழமை வாங்க. அதுவரைக்கும் அவளுக்கு போன் பண்ண வேண்டாம். எங்க வக்கீல் போன் எடுக்கலைன்னு சொன்னீங்களே, அது எங்க தப்பு. இது என்னோட நம்பர். ஞாயித்துக்கிழமையும் எடுப்பேன்."

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "அந்த ஆளு நம்மளைத்தானே திட்டினார். நீங்க ஒத்துக்கிட்டு வந்துட்டீங்களே."

"அவர் சொன்னது நிஜம். நிஜத்தை ஒத்துக்கிட்டாத்தான் அவர் செவ்வாய்க்கிழமை வருவார்" என்றார். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

நடுவில், திங்கட்கிழமை, அக்காவுக்கு அவருடைய ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. சட்ட உதவியைப் பற்றிப் பொது இடத்தில் குறைகளைச் சேகரிக்கிறார், போலீஸ் வேலையில் குறுக்கிடுகிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். விளக்கம் தர வேண்டுமாம். அவர் நிதாய் காக்குவைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நடந்ததைக் காக்குதான் பிறகு கடையில் நின்று எல்லோருக்கும் சொன்னார். ஆபீஸ் பெரியவர் விளக்கம் எங்கே என்று கேட்டதற்கு அக்கா, "இதோ வந்திருக்கார், கேளுங்க" என்று காக்குவைக் காட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாராம். காக்கு தன் பஸ் குரலில் மருமகன் கதையை ஆரம்பித்தார். பக்கத்து அறைகளில் இருந்தவர்களெல்லாம் வந்து நின்று கேட்டார்களாம். கதை முடிந்தபோது பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பிணைக்கு யாரும் இல்லாம இப்படி இன்னும் எத்தனை பேர் உள்ளே இருக்காங்க?" அதைத் தேடிப் பார்க்கிற வேலையையும் அக்காவிடமே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பலபேர் வெளியே வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை வந்தது.

காலனியில் யாரும் வேலைக்குப் போன மாதிரித் தெரியவில்லை. கால்வாய் ஓரம் முழுக்க ஆட்கள். நான் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு மித்து வீட்டில் இருந்தேன். மித்துவின் அம்மா தரையைத் துடைத்து, கட்டிலுக்குத் துவைத்த விரிப்பு போட்டிருந்தாள். கிளப்பிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வந்திருந்தது. அக்கா மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருந்தது.

ஜீப் சந்துக்குள் வராது. மேஜோ பாபுவும் லேடி கான்ஸ்டபிளும் சாக்கடைப் பலகையைத் தாண்டி நடந்து வந்தார்கள். மித்து வாசலில் நின்றாள். மேஜோ பாபு உள்ளே காலெடுத்து வைக்கப் போனவர் கழுவித் துடைத்த தரையைப் பார்த்தார். குனிந்து, கனமான உடம்போடு சிரமப்பட்டு, பூட்ஸைக் கழற்றினார். அவருடைய ஒரு காலுறையில் பெருவிரல் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"உட்காருங்க பாபு" என்றாள் மித்து. தாணாவில் எடுக்கவில்லை என்பதற்கு மேல் வாய் திறக்காதவள். தன் கட்டிலில், தன் விரிப்பின் மேல், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

மேஜோ பாபு வழக்கம்போல, "காப்பை எங்கே..." என்று ஆரம்பித்து, மூலையில் இருந்தவரைப் பார்த்தார். செய்தித்தாள் மடிந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி கேட்டார்: "அந்தக் காப்பைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

இத்தனை நாளில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. மித்து சொன்னாள். மாஷிமாவின் காப்புக்குப் பூட்டு லூசாகி அடிக்கடி கழன்று விழும். நியூ டவுனில் இருக்கிற மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது, இதைச் சரிபண்ணி வாங்கிட்டு வா என்று மாஷிமா மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். கொடுத்ததை மித்து பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கையில் காப்பையும் பார்க்கவில்லை. மாஷிமாவுக்கு இப்போது காலையில் சொன்னது மாலையில் நினைவிருப்பதில்லை.

"இதை ஏன் முதல்லயே சொல்லலை?"

"எங்கே வச்சிருக்கேன்னு மட்டும்தான் கேட்டீங்க பாபு."

மேஜோ பாபு அங்கேயே உட்கார்ந்து நியூ டவுனுக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் மகள் பேசுவது எங்களுக்கும் கேட்டது. காப்பு நகைக்கடையில் இருக்கிறது, வேலை முடிந்துவிட்டது, போய் வாங்க நேரமில்லை. ஏன், என்ன ஆயிற்று? அண்ணன் போலீஸில் புகார் கொடுத்த விஷயமே அவளுக்குத் தெரியாது. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வதில்லையாம்.

அவர் போனை வைத்துவிட்டுச் சற்று நேரம் அந்தச் சின்ன அறையைச் சுற்றிப் பார்த்தார். மித்துவின் அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் குடித்தார்கள். மித்துவும் குடித்தாள். பிறகு மேஜோ பாபு வெளியே வந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். கூட்டத்தைப் பார்த்தார். யாரும் கேட்காமலே சொன்னார்.

"நகை கிடைச்சிடுச்சு. அந்த வீட்டுப் பொண்ணுகிட்டதான் இருந்திருக்கு. இந்தப் பொண்ணு மேல ஒண்ணும் இல்லை."

நிதாய் காக்கு கூட்டத்தின் பின்னாலிருந்து, "கேட்கலை, சத்தமா சொல்லுங்க" என்றார். அவருக்குக் கேட்டிருக்கும். மேஜோ பாபு இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னார்.

அக்கா முக்காலியிலிருந்து எழுந்தபோது மித்து அவர் காலைத் தொடப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார். "உனக்கு வேற ஏதாவது வேணுமா? போலீஸ்கிட்ட, இல்லை அந்த வீட்டுக்காரங்ககிட்ட. யோசிச்சுச் சொல்லு. அவசரமில்லை."

மித்து அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து லேக் கார்டன்ஸ் மகன் ஆப்பில் பிடித்த வாடகைக் காரில் எங்கள் கடைக்கே வந்தார். அம்மா மித்துவைக் கேட்டுச் சாப்பிடமாட்டேன் என்கிறாள், வேலைக்கு வரச் சொல்லுங்கள், சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார். மித்து மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"வர்றேன் தாதா. ஆனா உங்க கட்டடத்துல எல்லாரும் என்னைத் திருடின்னுதான் நினைச்சிட்டு இருக்காங்க. நீங்கதான் சொன்னீங்க. நீங்களே இல்லைன்னு சொல்லணும். ஒவ்வொரு வீட்லயும். நானும் கூட வருவேன்."

அவர் முகம் சுருங்கியது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறேன் என்றார். மித்து மறுபடி மாவைக் கரைக்கப் போய்விட்டாள். அவர் கொஞ்ச நேரம் காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, "சரி, வா" என்றார். நானும் போனேன். அதைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

கீழ்த்தளத்திலிருந்து ஆரம்பித்தார்கள். அவர் மணியை அடிப்பார். கதவு திறக்கும். "இது மித்து. எங்க வீட்டுக் காப்பை இவ எடுக்கலை. என் தங்கச்சிகிட்ட இருந்தது. நான் தப்பாப் புகார் கொடுத்துட்டேன்." முதல் வீட்டில் அவர் குரல் எழும்பவே இல்லை. போகப்போகத் தெளிவாகிவிட்டது. ஒரு வீட்டில் ஒரு பெரியவர் மித்துவுக்குக் கைகூப்பினார். இன்னொரு வீட்டில் அவளோடு பேச்சை நிறுத்தியிருந்த வேலைக்காரப் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மித்து ஒவ்வொரு வாசலிலும் நிமிர்ந்து நின்றாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்காவுக்கு போன் செய்தேன். கோர்ட்டில் இருந்தார், பின்னால் ஒரே இரைச்சல். சொல்லுங்க என்றார். நான் முழுக்கச் சொன்னேன். எப்போதும்போலக் குறுக்கிடவே இல்லை. முடித்த பிறகுதான் கேட்டார்.

"மேல் மாடி வரைக்கும் போனாங்களா?"

"போனாங்கக்கா."

"லிஃப்ட்லயா?"

"லிஃப்ட் இருக்கு. அவர் பட்டனை அழுத்தினார். மித்துதான், படியிலேயே போகலாம் தாதா, வழியில பார்க்கறவங்களுக்கும் சொல்லிட்டே போகலாம்னா."

அவர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவரிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை. கோர்ட் வராந்தாவில் பக்கத்தில் நின்றவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்கும் சத்தம் எனக்குக் கேட்டது. "படியிலயா," என்று மறுபடி சொல்லிச் சிரித்தார். அப்போது உள்ளேயிருந்து வழக்கின் பெயரைக் கூப்பிட்டார்கள். "இருங்க, என் கேஸ்" என்று ஓடினார். போனை அணைக்க மறந்துவிட்டார். காலணி தட்தட்டென்று ஓடுவது கேட்டது, கதவு கிறீச்சிட்டது. அப்புறம், இன்னும் சிரிப்பு முழுதாக அடங்காத குரலில், அவர் யாருக்காகவோ பேச ஆரம்பித்தார்.

நான் டோலிகஞ்ச் சிக்னலில் போனைக் காதில் வைத்தபடியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.